சித்தி வீட்டுப் பெயின்ற் காய்ஞ்சுதோ?

ஜெறோம்,

நீ அனுப்பின கலியாணக் காட் குசினியில ஃபிரிட்ஜ் கதவில காந்தம் வைச்சு ஒட்டியிருக்கு. ஒட்டினது நான்தான். வடிவான காட், பொன் எழுத்து, டிலானியின்ர பேரும் உன்ர பேரும் பக்கத்துப் பக்கத்தில. அடியில நீ கையால எழுதியிருக்கிறாய்: "அம்மா, கோயிலில முன் வரிசை வாங்கு உங்களுக்குத்தான். வருவியள்தானே?" அதுக்கு நான் இன்னும் பதில் சொல்லேல்லை. வருவனோ மாட்டனோ எண்டு போன கிழமை வரைக்கும் எனக்கே தெரியாது. நீ போன் அடிச்சாய், அடிச்சுக்கொண்டே இருந்தாய், நான் தூக்கேல்லை. போனில உன்னோட கதைச்சுப் பட்ட பாடு எனக்குக் காணும். போனில நீ எவ்வளவு கெட்டிக்காரன் எண்டு என்னைவிட ஆருக்குத் தெரியும்? அதுதான் எழுதுறன். எழுத்துக்கு நடுவில நீ வந்து "இல்லை அம்மா, கேளுங்கோ அம்மா" எண்டு கதையை மாத்த ஏலாது. வாசிச்சு முடிச்சிட்டு உன்ர சித்தியிட்டயும் குடு. கலியாணத்துக்கு வாற ஆர் கேட்டாலும் குடு. எங்கட குடும்பத்தில இனி ஒண்டையும் ஒளிக்க வேண்டாம்.

எங்க தொடங்க? அந்த விளையாட்டில இருந்துதான் தொடங்க வேணும். அப்பா செத்து அடுத்த வருசம், 2009. நீ யூனிவேசிற்றிக்குப் போய்க்கொண்டிருந்தனி. எனக்கு வயோதிபர் இல்லத்துக் குசினியில வேலை, சனி ஞாயிறு கட்டாயம் போக வேணும், திங்களும் செவ்வாயும் லீவு. ஒரு திங்கள் காலமை நான் எழும்பி வர, நீ மடியில கோர்ன்பிளேக்ஸ் கோப்பையோட ரீவிக்கு முன்னால வாயைப் பிளந்துகொண்டு இருக்கிறாய். ரீவியில மாடு மாதிரி ஆக்கள், தலையில ஹெல்மெற், தோளில தலைகாணி. "என்னடா இது, ஒருத்தனை ஒருத்தன் இடிச்சு விழுத்துறதுக்கு இவ்வளவு உடுப்போ?" எண்டு கேட்டன். "அமெரிக்கன் புட்போல் அம்மா. இருங்கோ, சொல்லித்தாறன்" எண்டாய். இருந்தனான். அப்பா போன பிறகு அந்த வீட்டில மனிசர் சத்தம் போட்டுக் கத்தினது அண்டைக்குத்தான். நீ கத்தினாய், ஏனெண்டு விளங்காமல் நானும் கத்தினன். அந்தக் கதிரையை விட்டுப் பிறகு நான் எழும்பேல்லை எண்டுதான் சொல்ல வேணும்.

ரீமைத் தெரிஞ்செடுத்ததும் நான்தான். மற்ற ரீமெல்லாம் விளையாடுறது எங்களுக்கு இருட்டோட இருட்டா. அமெரிக்காவின்ர மேற்குக் கரை ரீமெண்டால், அவை சொந்த ஊரில விளையாடுற நாளில எங்களுக்கு விடிஞ்சு தேத்தண்ணி குடிக்கிற நேரம். "அப்ப அதுதான் எங்கட ரீம்" எண்டன். "அம்மா, ரீமை ஆரும் இப்பிடித் தெரிஞ்செடுக்கிறேல்லை" எண்டு நீ விழுந்து விழுந்து சிரிச்சாய். "கலியாணத்துக்கே நேரம் பாக்கினம், ரீமுக்குப் பாத்தால் என்ன?" எண்டு நான் கேட்டன். அந்த ரீமின்ர பேரை இந்தக் கடிதத்தில எழுத மாட்டன். அவைக்கும் எனக்கும் இப்ப கதை பேச்சில்லை.

நீ எனக்குச் சொல்லித்தந்ததில ஒண்டு மட்டும் மண்டையில இறுகி நிண்டிட்டுது. தொடக்கத்தில நான் பந்தையே பாத்துக்கொண்டிருந்து ஏமாறுவன். பந்து எறியிறவன் அதை ஓடுறவனிட்டக் குடுக்கிற மாதிரிக் குடுப்பான். ஓடுறவன் வயித்தைப் பொத்திக்கொண்டு ஓடுவான். எதிர் ரீம் முழுக்க அவனுக்குப் பின்னால ஓடும். பாத்தால் பந்து எறியிறவனிட்டத்தான் இருக்கும், ஆறுதலா நிண்டு எறிவான். "சுத்துமாத்துக்காரர்!" எண்டு நான் ரீவிக்குப் பேசினன். அப்ப நீ சொன்னாய்: "பந்தைப் பாராதேங்கோ அம்மா. முன்னுக்குக் குனிஞ்சு நிக்கிற பெரிய ஆக்களைப் பாருங்கோ, லைன்காரர். பந்தை எறியப்போறதெண்டால் அவை தூரம் முன்னுக்குப் போகக் கூடாது, அது சட்டம். ஓடப்போறதெண்டால் முன்னுக்குத் தள்ளிக்கொண்டு போவினம். பந்து வைச்சிருக்கிறவன் பொய் சொல்லுவான். லைன்காரரால கனநேரம் பொய் சொல்ல ஏலாது." நான் அதைப் பிடிச்சுக்கொண்டன். பிறகு உனக்கு முதலே நான் "எறியப்போறான், எறியப்போறான்" எண்டு கத்த, நீ என்னைப் பாத்து "அம்மா, நீங்கள் கோச் வேலைக்குப் போகலாம்" எண்டு பகிடி பண்ணுவாய். எனக்கு அந்த நேரம் எவ்வளவு சந்தோசம் எண்டு நான் உனக்கு ஒருநாளும் சொல்லேல்லை. இப்ப சொல்லுறன்.

2011இல உனக்குச் சிட்னியில வேலை கிடைச்சுது. பரமற்றாவில கொம்பியூட்டர் திருத்திக் குடுக்கிற ஒபிஸ், ஹரிஸ் பார்க்கில அறை, வாசலை விட்டு இறங்கினால் இனிப்புக் கடை. "போட்டு வாறன் அம்மா, மட்ச் எல்லாம் போனில பாப்பம்" எண்டு நீயே ஒழுங்கு பண்ணிப்போட்டுப் போனாய். உனக்குத் திங்களில மத்தியானத்துக்குப் பிறகுதான் வேலை தொடங்கும். நீ அங்க ரீவியைப் போட, நான் இஞ்ச மெல்பேர்ணில, கிளென் வேவர்லி வீட்டில போட, ரெண்டுபேரும் ஸ்பீக்கரில போனை வைச்சு ஒரே சனலில ஒரே மட்ச். அந்த முதல் சீசன் நீ உண்மையாவே சிட்னியில இருந்தனி. அதில எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்த நவம்பரில நீ புறுபுறுத்தது கூட எனக்கு நினைவிருக்கு: "மெல்பேர்ணில உங்களுக்குக் குதிரை ஓடுறதுக்கெல்லாம் லீவு விடுறாங்கள். இஞ்ச நாங்கள் வேலை செய்யுறம். அநியாயம் அம்மா." இதை மறந்திடாதை, பிறகு வரும்.

போன சீசன், 2012. செப்டம்பரில தொடங்கேக்க எங்கட மட்ச் காலமை ஆறு மணி, பிறகு இஞ்சத்தை மணிக்கூட்டைக் கோடைக்கு ஒரு மணித்தியாலம் கூட்ட ஏழு, அங்கத்தை மணிக்கூட்டைக் குளிருக்குக் குறைக்க எட்டு. ரீம் படுமோசமாத் தொடங்கிச்சுது. தோல்விக்கு மேல தோல்வி. ஒரேயொரு ஆறுதல் முப்பத்திமூண்டாம் நம்பர், ஓடுறவன். கட்டை ஆள், நிலத்தோட ஒட்டி ஓடுவான், நாலுபேர் பிடிச்சு இழுத்தாலும் இன்னும் ரெண்டு அடி இழுபட்டுக்கொண்டு போய்த்தான் விழுவான். "என்ர முப்பத்திமூண்டு" எண்டுதான் நான் சொல்லுவன். ஒக்டோபர் கடைசியில அவனை வேற ரீமுக்குக் குடுத்துப்போட்டாங்கள், சீசன் நடுவில, கத்தரிக்காய் விக்கிற மாதிரி. எனக்கு நெஞ்சு பத்தி எரிஞ்சுது. "துரோகி, விட்டிட்டுப் போட்டான்" எண்டு நான் கத்த, நீ சொன்னாய்: "அவன் போகேல்லை அம்மா, அவங்கள் மாத்தினவங்கள். அவனுக்குப் புது உடுப்புக் குடுத்தால் அந்தப் பக்கம் நிண்டு ஓடத்தான் வேணும். இட்ஸ் பிசினஸ்." என்ன லேசாச் சொன்னாய்! எனக்கு அண்டைக்கு விளங்கேல்லை, நீயும் அப்ப உடுப்பு மாத்தித்தான் நிண்டாய் எண்டு.

அடுத்த கிழமை எங்கட மட்ச் ஒரு நாள் பிந்திச் செவ்வாய் மத்தியானம் வந்தது. குதிரைப் பந்தய லீவு நாள். நீ வேலையில நிப்பாய், தூக்கமாட்டாய் எண்டு நினைச்சுத்தான் அடிச்சனான். சும்மா மெசேஜ் விடுவம் எண்டு. நீ உடன தூக்கினாய். "சொல்லுங்கோ அம்மா, ரீவியைப் போட்டிட்டன். இண்டைக்கு லீவுதானே." நானும் மட்ச் ஆசையில ஒண்டும் யோசிக்கேல்லை. இடைவேளைக்கு எழும்பி அரிசி களையேக்கதான் கை நிண்டுது. சிட்னியில எங்க லீவு? திரும்பி வந்து மெல்லக் கேட்டன், "ஏன் தம்பி, நீ லீவு போட்டனியோ?" எண்டு. உண்மையைச் சொல்லாட்டிலும் "ஓம்" எண்டு சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பன், பாவி. நீ என்ன சொன்னாய்? "இல்லை அம்மா, ஒபிஸே பூட்டு. எல்லாருக்கும் லீவு." கடைசிவரைக்கும் ரீவியில என்ன நடந்ததெண்டு எனக்குத் தெரியாது. ரீம் வெண்டதாம்.

அதுக்குப் பிறகு நான் பந்தைப் பாக்கிறதை விட்டிட்டன். நீ சொல்லித்தந்தபடி லைன்காரரைப் பாத்தன். எங்கட வீட்டில லைன்காரி உன்ர சித்திதானே. என்ர கூடப்பிறந்தவள், இஞ்ச மெல்பேர்ணிலயே கிரான்பர்னில இருந்து ஞாயிறு தவறாமல் வந்து பூசையில என்ர பக்கத்தில இருக்கிறவள். ஒகஸ்டில இருந்து அவள் என்னைத் தன்ர வீட்டுக்குக் கூப்பிடுறதில்லை. நான் வாறன் எண்டாலும், "வேண்டாம் அக்கா, பெயின்ற் அடிக்கினம், மணத்துக்கு உனக்குத் தலையிடிக்கும்" எண்டுவாள். செப்டம்பரிலயும் பெயின்ற். ஒக்டோபரிலயும் பெயின்ற். வத்திக்கானுக்குக் கூட இவ்வளவு நாள் பெயின்ற் அடிச்சிருக்க மாட்டினம்! உன்னட்டச் சிட்னியில வெதர் எப்பிடியெண்டு கேப்பன். "ஒரே மழை அம்மா" எண்டுவாய். நியூசில பாத்தால் அங்க கொளுத்துற வெயில். முழுப் பூசணிக்காயைச் சோத்துக்க மறைக்கிறதெண்டாலும் சோறு கொஞ்சம் கூடப் போடவேண்டாமோடா?

டிசம்பரில ஒரு திங்கள், மட்ச் தொடங்க முதல் நான் காரை எடுத்துக்கொண்டு கிரான்பர்னுக்குப் போனன். சித்தியின்ர வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளிக் காரை விட்டிட்டு, நடந்து வந்து அவளின்ர மதிலடியில நிண்டு உனக்குப் போன் அடிச்சன். வெக்கை நாள், முன் ஜன்னல் திறந்து கிடந்தது. "போட்டியளோ அம்மா?" எண்டு நீ கேட்டாய். உன்ர குரல் ரெண்டு தரம் கேட்டுது. முதல் ஜன்னலால, பிறகு என்ர காதுக்குள்ள. நான் "ஓம், போட்டன்" எண்டன். திரைச்சீலை விலகின இடத்தால பாத்தன். நீ அந்த நீலக் கதிரையில இருக்கிறாய், காலை நீட்டி, சொந்த வீட்டில இருக்கிற மாதிரி. நிலத்தில ஒரு பொம்பிளைப் பிள்ளை, மெலிஞ்ச பிள்ளை, மடியில கோப்பை, வாயைத் திறக்காமல் ரீவியைப் பாத்துக்கொண்டிருக்கு. ஆர் அதெண்டு எனக்கு அப்ப தெரியாது. நீ குனிஞ்சு அந்தப் பிள்ளைக்கு ரீவியைக் காட்டிச் சொன்னாய்: "பந்தைப் பாராதை. லைன்காரரைப் பார்." அது ஜன்னலால மட்டும்தான் கேட்டுது. போனில கேக்கேல்லை. என்னை மியூட்டில போட்டிட்டுச் சொன்னனி.

ஜெறோம், நீ சிட்னியில இல்லை எண்டது எனக்கு அடி இல்லை. அதைக் குதிரை லீவண்டைக்கே நான் விழுங்கிட்டன். ஒரு பிள்ளையோட இருக்கிறாய் எண்டதும் அடி இல்லை. ஆம்பிளைப் பிள்ளை, வயது வந்திட்டுது, நடக்கிறதுதானே. எனக்குச் சொல்லித்தந்ததை, அப்பா போன வீட்டில என்னைக் கதிரையில இருத்தி நீ சொல்லித்தந்ததை, என்னை மியூட்டில போட்டிட்டு இன்னொருத்திக்குச் சொன்னாய் பார், அதுதான் என்னை அறுத்துப்போட்டுது. பொறாமை எண்டு சொல்லு, ஓம், பொறாமைதான், எனக்கென்ன வெக்கம்? பிறகு நீ மியூட்டை எடுத்திட்டு "அம்மா, பாக்கிறியளோ?" எண்டு கேட்டாய். நான் உன்னைப் பாத்துக்கொண்டு நிண்டு சொன்னன், "ஓம் ராசா, பாக்கிறன்" எண்டு. அந்தப் பிள்ளை திரும்பினது அப்பதான். என்னைக் கண்டிட்டுது. நான் காருக்கு வந்திட்டன். மட்ச் முடியுமட்டும் காருக்குள்ள இருந்து, ரீவியும் இல்லாமல், நீ கத்துற இடத்தில நானும் கத்தினன்.

ஏன் கதவைத் தட்டேல்லை எண்டு நீ பிறகு கேட்டாய். கதவைத் தட்டினால் நான் உன்னைப் பிடிச்சதா முடியும். நீயாச் சொன்னால் நீ எனக்குச் சொன்னதா முடியும். அதுக்குத்தான் காத்திருந்தன். ஒவ்வொரு திங்களும் உண்மை சொல்ல உனக்கு வாசல் திறந்து விட்டனான். "நத்தாருக்கு, கிறிஸ்மஸ் லீவுக்கு எப்ப வாறாய், எந்த பிளேன்?" எண்டு கேட்டன். நீ பிளேன் நேரமும் சொன்னாய், அந்தோனியாரே! "எயாப்போட்டுக்கு வரவேண்டாம் அம்மா, சித்தி ஏத்துறாவாம்" எண்டாய். நத்தாருக்கு ஹரிஸ் பார்க் இனிப்பெண்டு ஒரு பெட்டி கொண்டுவந்து தந்தாய். பெட்டியில கடையின்ர பேரைச் சுரண்டியிருந்தாய். நான் அதைத் தேத்தண்ணியோட திண்டன். நல்லாத்தான் இருந்தது.

ரீம் என்னவோ தட்டுத்தடுமாறி எழும்பி, ஜனவரியில தோத்தால் வீட்டுக்குப் போற மட்ச் வரைக்கும் வந்திட்டுது. கடைசி நிமிசம், ஒரேயொரு யார்ட், மூண்டடி, போக வேணும், போனால் வெற்றி. என்ர முப்பத்திமூண்டு நிண்டிருந்தால் தலையைக் குனிஞ்சு போயிருப்பான். அவன்ர இடத்தில நிண்ட புதுப் பொடியனுக்கு மேல குவிஞ்சு மடக்கிப்போட்டாங்கள். முடிஞ்சுது சீசன். நீ பெருமூச்சு விட்டிட்டு, "சரி அம்மா, அடுத்த வருசம் பாப்பம்" எண்டாய். எனக்கு அந்த "அடுத்த வருசம்" எண்ட சொல்லோட பொறுமை போட்டுது. இன்னொரு வருசமும் என்னைப் பேய்க்காட்டி ஏமாத்த யோசிச்சிட்டான் எண்டு நினைச்சன். "சரி தம்பி, வைக்கிறன். சித்தியிட்டக் கேட்டுச் சொல்லு, பெயின்ற் காய்ஞ்சுதோ எண்டு" எண்டிட்டு வைச்சிட்டன். சிட்னியில இருந்து மெல்பேர்ணுக்குக் காரில பகல் முழுக்க ஓட வேணும். நீ என்ர தேத்தண்ணி ஆறமுதல் வந்து வாசலில நிண்டாய்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும் அம்மா?" எண்டு கேட்டாய். ஒண்டும் தெரியாத பிள்ளை மாதிரி. பிறகு எல்லாம் சொன்னாய். டிலானி கடல் கடந்து போட்டில வந்த பிள்ளை, மன்னார்ப் பக்கம், கிரான்பர்னில சலட் இலை பொதி செய்யுற இடத்தில வேலை. தாய் தேப்பன் அங்க. அவளின்ர அகதிக் கேசை நிராகரிச்சிட்டாங்கள், தனிய நிண்டு அழுதாள், நீ வேலையை விட்டிட்டு ஒகஸ்டிலயே வந்திட்டாய், சித்தி அறை தந்தவ. "போட்டில வந்த பிள்ளை எண்டு நான் ஏதும் சொல்லுவன் எண்டு பயந்தனியோ?" எண்டு கேட்டன். "இல்லை அம்மா, அதுக்கில்லை" எண்டாய். அப்ப ஏனடா? நீ நிலத்தைப் பாத்துக்கொண்டு சொன்னாய்: "மெல்பேர்ணில நிக்கிறன் எண்டால் வீட்டை வா எண்டு கேப்பியள். எனக்கு மாட்டன் எண்டு சொல்ல ஏலாது."

மாட்டன் எண்ட ஒரு சொல் சொல்ல ஏலாதவனுக்கு, ஒகஸ்டில இருந்து ஜனவரி மட்டும் மழையெண்டும் பிளேனெண்டும் பொய் சொல்ல எப்பிடி ஏலுமாப் போச்சுது? அதைத்தான் நான் அண்டைக்குக் கேட்டன். உன்ர சித்தியும் வந்து மூக்கைச் சிந்தினாள். "அக்கா, பொடியன் காலைப் பிடிச்சுக் கெஞ்சினவன், நான் என்ன செய்ய?" எண்டாள். ஒவ்வொரு ஞாயிறும் என்ர பக்கத்தில முழங்காலில நிண்டு நற்கருணை எடுத்தவள்! அவளோட நான் இன்னும் சரியாக் கதைக்கிறதில்லை. ஆனாலும், அம்மா எண்ட பெயரை வைச்சுக்கொண்டு எவ்வளவு நாள் கோவிக்கிறது எண்டு கொஞ்சம் கொஞ்சமா மனம் இளகிக்கொண்டுதான் வந்தது. காட் வந்த அண்டைக்கு, வெளிக்கிடுவமோ எண்டு சாறியும் எடுத்து வெளியில போட்டிட்டன்.

போன கிழமை டிலானி வந்தாள். நீ அனுப்பேல்லை எண்டு எனக்குத் தெரியும். ரெண்டு பஸ்ஸும் ரெயினும் மாறி, ஒரு பையில கீரையோட, தனிய வந்து கதவைத் தட்டினாள். இருக்கச் சொன்னன். கதிரை நுனியில இருந்தாள். தேத்தண்ணியைத் தொடேல்லை. "அன்ரி, ஒரு விசயம் சொல்லாமல் எனக்குக் கலியாணம் கட்ட ஏலாது" எண்டாள். "அண்டைக்கு ஜன்னலடியில நான் உங்களைக் கண்டனான், அவர் போட்டோவில காட்டின முகம். அந்த மட்ச் முடிஞ்ச உடன அவரிட்டச் சொல்லிப்போட்டன், உங்கட அம்மா வெளியில நிண்டவ, எல்லாம் கண்டிட்டா, இப்பவே போய்ச் சொல்லுங்கோ எண்டு. அவர் கேக்கேல்லை அன்ரி. அம்மா ஒண்டும் கேக்கேல்லைத்தானே, அப்பிடியே போகட்டும் எண்டிட்டார். நான் அண்டைக்கே வந்திருக்க வேணும். பயமா இருந்தது."

நான் குசினிக்குள்ள போய்க் குழாயைத் திறந்து விட்டிட்டு நிண்டன். அப்ப உனக்குத் தெரியும். டிசம்பரில இருந்தே தெரியும். எனக்குத் தெரியும் எண்டு தெரிஞ்சுகொண்டுதான் பிளேன் நேரம் சொன்னாய். தெரிஞ்சுகொண்டுதான் இனிப்புப் பெட்டியைச் சுரண்டினாய். நான் திண்டுகொண்டிருக்கேக்க முகத்தைப் பாத்துக்கொண்டு இருந்தாய். வாசலில வந்து நிண்டு "உங்களுக்கு எப்பிடித் தெரியும் அம்மா" எண்டு கேட்டதும் நடிப்பு. நான் உனக்கு வாசல் திறந்து விடுறன் எண்டு நினைச்சு ஒவ்வொரு திங்களும் கேட்ட கேள்வியை, நீ "அம்மாவும் விளையாடுறா" எண்டு எடுத்திட்டாய். பொய் சொல்லுறவனை மன்னிக்கலாமடா. பொய் எண்டு எதிராளுக்குத் தெரியும் எண்டு தெரிஞ்சும், "பாவம், நம்புற மாதிரி நடிக்கட்டும்" எண்டு விட்டவனை என்ன செய்ய? வெளியில போட்ட சாறியை மடிச்சு அலுமாரிக்குள்ள வைச்சிட்டன். நானும் கேக்கேல்லை எண்டு நீ சொல்லுவாய். ஓம், கேக்கேல்லை. அதுக்காக நீ செய்தது சரியாகாது.

இப்ப நீ ஒருத்தியைக் கட்டப்போறாய். அம்மா எண்ட முறையில ஒரு புத்தி சொல்லத்தான் வேணும், ஒண்டே ஒண்டு. அவளிட்ட மாட்டன் எண்டு சொல்லப் பழகு. எங்கட ஆம்பிளையள் ஒருத்தருக்கும் அது வராது. உன்ர அப்பாவுக்கும் வராது. "ஓம் ஓம்" எண்டிட்டுப் பின்வழியால போய்த் தன்ர எண்ணத்துக்குச் செய்வார், நான் பிறகு ஊராரிட்டக் கேட்டு அறிவன். மாட்டன் எண்டால் வீட்டில சண்டை வரும், கோப்பை உடையும், ரெண்டு நாள் சமையல் இராது. வரட்டும், அதுக்கென்ன? நீ அண்டைக்கு "அம்மா, நான் மெல்பேர்ணில நிக்கிறன், வீட்டை வரமாட்டன்" எண்டு சொல்லியிருந்தால் நான் ஒப்பாரி வைச்சிருப்பன், பூசைக்குப் போய் முறையிட்டிருப்பன், உன்னைப் பெத்த வயிறு எண்டெல்லாம் கதைச்சிருப்பன். அடுத்த திங்கள் மட்ச் தொடங்க, போன் அடிச்சிருப்பன். என்னை உனக்கு அவ்வளவும் தெரியாதோ?

குழாயைப் பூட்டிட்டு வெளியில வர, டிலானி அதே கதிரை நுனியில இருந்தாள். நான் போகச் சொல்லுவன் எண்டு நினைச்சாளாக்கும், பையைக் கையில எடுத்திட்டாள். பிறகு இன்னொண்டு கேட்டாள். அவளின்ர தேப்பனுக்கு இஞ்ச வர விசா கிடைக்காது. கோயில் வாசலில இருந்து பீடம் மட்டும் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போக அவளுக்கு இஞ்ச ஒரு உரித்தாளும் இல்லை. "கூட வேலை செய்யுற ஒரு அங்கிள் வாறன் எண்டவர், எனக்கு விருப்பமில்லை. நீங்கள் வருவியளோ அன்ரி? மாட்டன் எண்டாலும் சொல்லுங்கோ, நான் கோவிக்க மாட்டன்" எண்டாள். நான் அந்தப் பிள்ளையின்ர முகத்தைப் பாத்தன். இந்த வீட்டில ஒருத்தர் என்னட்ட இப்பிடி நேரா ஒண்டு கேட்டு எத்தினை நாள். தேத்தண்ணியைக் குடிக்கச் சொன்னன். குடிச்சாள். பிறகு பதில் சொன்னன்.

அப்ப, நீ கலியாணக் காட்டில எழுதிக் கேட்டதுக்கு என்ர பதில் இது. மாப்பிள்ளையின்ர தாயெண்டு முன் வாங்கில வந்து இருப்பியளோ எண்டு கேட்டாய். மாட்டன்.

பாத்தியோ, இப்பிடித்தான் சொல்லுறது. வானம் இடிஞ்சு விழேல்லை.

அந்த வாங்கில சித்தியை இருத்து, பெயின்ற் மணம் போகட்டும். நீ பீடத்தடியில நிண்டு வாசலைப் பாத்துக்கொண்டு நில். பாட்டுத் தொடங்க டிலானி வருவாள். அவளின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு வாறது நான். உன்ர ஆளா இல்லை, பொம்பிளை வீட்டு ஆளா. நான் போகேல்லை, நீதான் மாத்தினனி. இனி அந்தப் பக்கம் நிண்டுதான் ஓடுவன்.

அம்மா